பனியாற்று வரைபடம் பிசகினால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

கோவையில் இருந்துகொண்டு ஐஸ்லாந்தின் உட்பகுதிக்குக் காண்டூர் (ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடு) வரைபடம் போடுகிறோம். எரிமலைக்கு மேலே பனி, பனிக்குக் கீழே எரிமலை, ஊரோ நல்ல சாலையோ இல்லாத பகுதி அது. வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் பெரும்பாலும் வெள்ளியங்கிரியையும் ஆனைமலையையும் வரைந்து பழகியவர்கள். இங்கே சரியாக ஓடிய கை ஐஸ்லாந்தின் வட்னாயோக்குல் என்ற பெரும் பனிப்பரப்புக்குப் போனதும் தடுமாறுகிறது. வருகிற கோளாறுகளோ திரும்பத் திரும்ப அதேதான். அவற்றை அறிகுறி வாரியாக இங்கே எழுதியிருக்கிறேன். க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளை மனதில் வைத்து எழுதினாலும், வேறு மென்பொருளுக்கும் இதே வரிசை பொருந்தும்.

எதையும் தொடும் முன் ஒரு தாளில் மூன்று விஷயம் எழுதிக்கொள்ளுங்கள்: உயரத் தரவின் பெயர், அந்த உயரம் எதிலிருந்து அளந்தது, எந்த ஆண்டு எந்த மாதம் எடுத்தது. கீழே உள்ள கோளாறுகளில் பாதி இந்தத் தாளிலேயே பிடிபட்டுவிடும்.

## அறிகுறி: கோடே வரவில்லை, தாள் வெறுமையாக இருக்கிறது

முதலில் லேயரின் (மென்பொருளில் ஏற்றிய தரவு அடுக்கின்) மேல் வலது கிளிக் செய்து, அந்த லேயருக்கே திரையைக் கொண்டுபோங்கள். பல நேரம் தரவு இருக்கும், திரைதான் வேறெங்கோ நிற்கும்.

அதற்குப் பிறகும் ஒன்றும் இல்லையென்றால் தரவின் பெயரைப் பாருங்கள். எஸ்ஆர்டிஎம் என்றால் தேடுவதை அங்கேயே நிறுத்தலாம். 2000 பிப்ரவரியில் எண்டவர் விண்கலம் 11 நாள் சுற்றி ராடாரால் எடுத்த உயர அளவீடு அது. வடக்கே 60 பாகையோடு நின்றுவிடும். ஐஸ்லாந்து 63 பாகைக்கு மேல்தான் தொடங்குகிறது. நம் பக்கத்து மலைகளுக்கு எஸ்ஆர்டிஎம்மையே கண்ணை மூடிக்கொண்டு இறக்கிப் பழகியதால் இந்தக் குழப்பம் வருகிறது. ராடாரால் எடுத்த, 30 மீட்டருக்கு ஒரு உயரம் தரும் கோப்பர்னிக்கஸ் தரவையோ, செயற்கைக்கோள் படங்களிலிருந்து கணித்த, 60 பாகைக்கு வடக்கே உள்ள நிலத்துக்கு 2 மீட்டர் நுணுக்கத்தில் கிடைக்கும் ஆர்க்டிக்டெம் தரவையோ எடுங்கள். இரண்டுக்கும் காசு இல்லை.

தாள் முழுக்க வராமல் அங்கங்கே ஓட்டை விழுந்திருந்தால் அது ஆர்க்டிக்டெம்மில் மேகம் மறைத்த இடமாக இருக்கும். கோப்பர்னிக்கஸை வைத்து அடைக்கலாம். ஆனால் இரண்டும் உயரத்தை வேறு வேறு பரப்பிலிருந்து அளப்பவை. "ஒரே அளவில் பிசகுகிறது" என்ற பகுதியைப் படித்துவிட்டு அடையுங்கள். இல்லாவிட்டால் ஓட்டை இருந்த இடத்தில் கிணறு வெட்டியதுபோல ஒரு பள்ளம் நிற்கும்.

## அறிகுறி: ஓரத்தில் கோடுகள் குவிந்து கறுப்புப் பட்டை ஆகிறது

தரவு இல்லாத இடத்துக்கு ஒரு அடையாள எண் வைத்திருப்பார்கள். எஸ்ஆர்டிஎம்மில் -32768, ஆர்க்டிக்டெம்மில் -9999. கோப்புகளை ஒட்டும்போது அந்த அடையாளம் தொலைந்துபோனால், மென்பொருள் அதை உண்மையான ஆழம் என்று நம்பி, அதுவரைக்கும் கோடு போட்டுத் தள்ளும். லேயரின் மிகக் குறைந்த உயரம் என்ன என்று பாருங்கள். இந்த எண்களில் ஒன்று தெரிந்தால் அதை "தரவில்லா மதிப்பு" என்று குறித்துவிட்டு, காண்டூரைப் புதிதாக ஓட்டுங்கள். ஏற்கெனவே வந்த கோடுகளை ஒவ்வொன்றாக அழிப்பது வீண் உழைப்பு.

## அறிகுறி: எங்கே பார்த்தாலும் உயரம் ஒரே அளவில் பிசகுகிறது

எங்களிடம் அதிகம் வரும் கோளாறு இதுதான். சில தரவுகள் உயரத்தை எலிப்சாய்டு என்ற கணக்குப் பரப்பிலிருந்து கொடுக்கும். வரைபடத்தில் நாம் எழுதுவதோ கடல்மட்டத்திலிருந்து. இரண்டுக்கும் உள்ள இடைவெளி ஊருக்கு ஊர் மாறும்.

கோவையில் எலிப்சாய்டு உயரம் கடல்மட்ட உயரத்தைவிடச் சுமார் 90 மீட்டர் குறைவு. 411 மீட்டர் என்று நாம் அறிந்த ஊர் 320 பக்கம் காட்டும். ஐஸ்லாந்தில் இது தலைகீழ்: அங்கே எலிப்சாய்டு உயரம் சுமார் 65 மீட்டர் கூடுதல். இங்கே கூட்டிப் பழகியவர்கள் அங்கேயும் கூட்டுகிறார்கள். கழிக்க வேண்டும்.

பிசகின் அளவை வைத்தே காரணத்தைக் கண்டுபிடிக்கலாம்.

- 65 மீட்டர் கூடுதல்: எலிப்சாய்டு தரவு அப்படியே போடப்பட்டிருக்கிறது, யாரும் திருத்தவில்லை.
- 130 மீட்டர் கூடுதல்: திருத்தம் நடந்திருக்கிறது, ஆனால் கழிப்பதற்குப் பதில் கூட்டியிருக்கிறார்கள்.
- 155 மீட்டர் கூடுதல்: கோவைக்கு வைத்த 90-ஐ ஐஸ்லாந்துக்கும் கூட்டியிருக்கிறார்கள்.
- 65 மீட்டர் குறைவு: ஏற்கெனவே கடல்மட்டத்துக்கு வந்த தரவை இன்னொரு முறை கழித்திருக்கிறார்கள்.

இதைச் சோதிக்க நல்ல இடம் யோக்குல்சார்லோன் ஏரி. வட்னாயோக்குலின் தெற்கே, பனியாறு முடியும் இடத்தில் கடலோடு சேர்ந்திருக்கும் ஏரி அது. அலை ஏற்றத்தில் கடல்நீர் உள்ளே வரும், ஆகவே அதன் உயரம் பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். உங்கள் தரவில் 65 பக்கம் காட்டினால் விஷயம் முடிந்தது. உள்ளூர் தரவைச் சோதிக்க இதைவிட எளிய வழி ரயில் நிலையப் பெயர்ப்பலகை. கோவையிலிருந்து ஈரோடு வரை பல நிலையங்களில் ஊர்ப்பெயருக்குக் கீழே கடல்மட்ட உயரம் எழுதியிருக்கும். அந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பழகிய பிள்ளைகள் ஐஸ்லாந்தில் ஏமாறுவது குறைவு என்பதைக் கவனித்திருக்கிறேன்.

எது எதிலிருந்து அளப்பது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஆர்க்டிக்டெம், நம் நாட்டுக் கார்ட்டோசாட் செயற்கைக்கோள் தரவு, ஐஸ்சாட்-2 செயற்கைக்கோளின் லேசர் புள்ளிகள், இவை எலிப்சாய்டு. எஸ்ஆர்டிஎம் ஈஜிஎம்96 என்ற கணக்கு மாதிரி தரும் கடல்மட்டம். கோப்பர்னிக்கஸ் ஈஜிஎம்2008 கடல்மட்டம். திருத்தும்போது எங்கும் 65 என்று ஒரே எண்ணைக் கழிக்காதீர்கள். நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு அது சில மீட்டர் மாறும். ஜியாய்டு ராஸ்டரை (இந்த இடைவெளியைக் கட்டம் கட்டமாகத் தரும் கோப்பு) இறக்கி, ராஸ்டர் கால்குலேட்டரில் புள்ளிக்குப் புள்ளி கழியுங்கள்.

அணைக்கோ நீர் மின்னிலையத்துக்கோ என்று சென்டிமீட்டர் துல்லியம் கேட்டால் இந்த வழி போதாது. அந்த நாட்டு உயர அளவுமுறையில் களத்தில் அளந்த புள்ளிகள் வேண்டும். அங்கே உரிமம் உள்ள சர்வேயரிடம் விட்டுவிடுங்கள்.

## அறிகுறி: இடம் தள்ளி விழுகிறது

### ஆயிரம் கிலோமீட்டரோ அதற்கு மேலோ தள்ளி

ஐஸ்லாந்துக்கு ஐஎஸ்என்93, ஐஎஸ்என்2004, ஐஎஸ்என்2016 என்று மூன்று ஆயத்தொலை முறைகள் உண்டு. நாட்டின் நடுவே இரண்டு கண்டத்தட்டுகள் ஆண்டுக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் விலகுவதால் அளவுமுறையையும் புதுப்பித்துக்கொண்டே வருகிறார்கள். ஒன்றை இன்னொன்றாக நினைத்துவிடாமல் இருக்க நல்ல ஏற்பாடும் செய்திருக்கிறார்கள்: நாட்டின் நடுவில் கிழக்கு எண் முதலாவதில் 5 லட்சம், இரண்டாவதில் 17 லட்சம், மூன்றாவதில் 27 லட்சம். எண்ணைப் பார்த்தாலே முறை தெரிந்துவிடும். அதைப் பார்த்து லேயருக்குச் சரியான ப்ரொஜெக்‌ஷனைக் கொடுங்கள். லேயரை இழுத்து நகர்த்திப் பொருத்தும் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

### நூறு, இருநூறு மீட்டர் தள்ளி

இது பெரும்பாலும் நம்மூர் வேலையில் வரும். சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய டோப்போ தாள்கள் எவரெஸ்ட் எலிப்சாய்டை வைத்து வரைந்தவை. அவற்றின் மேல் ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ்84 முறைத் தரவைப் போட்டால் சிறுவாணி ஓடை மேட்டில் ஏறி ஓடும். தாளின் ஓரக்குறிப்பில் எந்த எலிப்சாய்டு என்று இருக்கும், அதைப் படித்து மாற்றுங்கள்.

### அரைப் பிக்சல் தள்ளி

இதைக் கண்ணால் பார்த்துப் பிடிக்க முடியாது. இரண்டு உயரத் தரவுகளைக் கழித்துப் பார்த்தால் மலையின் ஒரு சரிவு முழுக்கக் கூடுதலாகவும் எதிர்ச்சரிவு முழுக்கக் குறைவாகவும் நிற்கும். 30 மீட்டர் தரவில் அரைப் பிக்சல் 15 மீட்டர். 30 பாகைச் சரிவில் அதுவே 9 மீட்டர் உயரப் பிழை ஆகிவிடும். ஒரு கோப்பு பிக்சலின் நடுவையும் இன்னொன்று மூலையையும் கணக்கில் எடுப்பதுதான் வழக்கமான காரணம். முதலில் அதைப் பாருங்கள். அது சரியாக இருந்தும் வித்தியாசம் நின்றால், பனியில்லாத பாறைச் சரிவுகளை மட்டும் வைத்து இரண்டையும் பொருத்துங்கள். பனியையும் சேர்த்துக்கொண்டு பொருத்தினால், பனி உருகி இறங்கியதைத் தரவின் பிழை என்று நினைத்து மென்பொருள் மொத்தத்தையும் நகர்த்திவிடும்.

## அறிகுறி: பாறையில் உயரம் சரி, பனியில் மட்டும் ஒத்துவரவில்லை

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். மேலே சொன்ன இரண்டு பகுதிகளையும் முடித்துவிட்டுத்தான் இங்கே வர வேண்டும்.

சோதனை இதுதான். புதிய தரவிலிருந்து பழையதைக் கழியுங்கள். ராண்டால்ஃப் பனியாற்று எல்லைக் கோப்பை இறக்கி, பனி உள்ள பகுதியையும் இல்லாத பகுதியையும் பிரியுங்கள். பனியில்லாப் பகுதியில் வித்தியாசத்தின் நடுமதிப்பு பூஜ்யத்தை ஒட்டியிருக்கிறதா? இல்லையென்றால் கோளாறு தரவில்தான், திரும்பி மேலே போங்கள். ஒட்டியிருந்தால், பனியில் தெரியும் வித்தியாசம் அங்கே உண்மையாக நடந்தது. அதை யாரும் திருத்தக் கூடாது.

நம் மலைகளில் 1970-இல் வரைந்த கோடு இன்றைக்கும் செல்லும். பனியாற்றில் செல்லாது. யோக்குல்சார்லோன் ஏரியே 1930களில் உருவாகத் தொடங்கியதுதான். அதற்கு முன் அங்கே பனி நின்றது. அன்றைய தாளில் பனியின் மேல் வரைந்த காண்டூர் இன்றைக்கு ஏரித் தண்ணீரின் மேல் நிற்கும். அன்று அளந்தவர்கள் தப்பாக அளக்கவில்லை. அதனால் பனியின் மேல் எழுதும் ஒவ்வொரு உயரத்துக்கும் தேதி எழுதுங்கள் என்று பிள்ளைகளிடம் விடாமல் சொல்கிறேன். பாறைக்குப் பழுப்புக் கோடு, பனிக்கு நீலக் கோடு என்று பிரித்துப் போடும் வழக்கமும் படிப்பவருக்கு இதைத்தான் உணர்த்துகிறது: நீலக் கோடு நாளைக்கு இடம் மாறும்.

காரணங்களை எளியதிலிருந்து பார்த்துக்கொண்டு வாருங்கள்.

மாதம். குளிர்காலம் முடியும்போது மேல்பகுதியில் பனி மீட்டர் கணக்கில் ஏறியிருக்கும், கோடை முடிவில் இறங்கியிருக்கும். ஏப்ரல் தரவையும் செப்டம்பர் தரவையும் ஒப்பிட்டுவிட்டுப் பனியாறு மெலிந்தது என்று எழுதக் கூடாது. ஒரே பருவத் தரவுகளை எடுங்கள்.

ஆண்டு. கோப்பர்னிக்கஸ் தரவு 2011 முதல் 2015 வரை எடுத்தவற்றின் சேர்க்கை. ஆர்க்டிக்டெம்மின் ஒட்டுத்தாள் (பல பட்டைகளை ஒட்டிச் செய்த கோப்பு) பல ஆண்டுகளின் கலவை. பனியின் நடுவே நேர்கோடாக ஒரு படி தெரிந்தால் அது இரண்டு ஆண்டுகளின் தையல். ஒட்டுத்தாளை விட்டுவிட்டு, தேதியோடு கிடைக்கும் தனிப் பட்டைகளை எடுங்கள்.

ராடார் உள்ளே இறங்குவது. காய்ந்த குளிர்ந்த பனிக்குள் ராடார் அலை சில மீட்டர் புகுந்துவிடும், அதனால் உயரம் குறைவாகத் தெரியும். உருகி ஈரமான பனியில் அந்தப் பிரச்சினை அநேகமாக இல்லை. இமயமலைப் பனிக்கு எஸ்ஆர்டிஎம் போட்டு வேலை செய்பவர்களும் இதை மறக்கக் கூடாது. ஐஸ்சாட்-2 லேசர் புள்ளிகள் மேற்பரப்பையே தொட்டு வருவதால் அவற்றோடு ஒப்பிடுங்கள். தேதியையும், எலிப்சாய்டு என்பதையும் கவனித்துக்கொண்டு.

சிகரம். ஐஸ்லாந்தின் உச்சியான ஹ்வன்னடால்ஸ்ஹ்னூக்குருக்குப் பழைய வரைபடங்களில் 2119 மீட்டர். 2005-இல் மறுபடி அளந்து 2110 என்று மாற்றினார்கள். உங்கள் தரவு 2119-க்குக் கீழே காட்டுகிறது என்றால் முதலில் எந்த எண்ணோடு ஒப்பிடுகிறீர்கள் என்று பாருங்கள். தவிர, 30 மீட்டர் கட்டத்தின் சராசரி கூர்மையான உச்சியை எப்போதும் கொஞ்சம் மழுக்கித்தான் காட்டும். ஊட்டியின் தொட்டபெட்டாவுக்கு 2637 என்று எழுதியிருப்பதைத் தரவில் தேடினாலும் இதே கதைதான். சிகரத்தின் உயரத்தைத் தனிப் புள்ளியாக எழுதுங்கள், காண்டூரிலிருந்து எடுக்காதீர்கள்.

எவ்வளவு பனி போயிற்று என்று கன அளவு கேட்டால் பனியாற்று ஆய்வாளரிடம் கொடுத்துவிடுங்கள். உயர வித்தியாசத்தைப் பரப்பால் பெருக்கிக் கொடுத்தால் எண் வரும். பனியின் அடர்த்தியும் பருவமும் பார்க்காமல் அதை வெளியே அனுப்ப நான் விடுவதில்லை.

## அறிகுறி: பனியின் நடுவே வட்டமான பள்ளம்

இதைப் பார்த்ததும் தரவில் ஓட்டை என்று நினைத்துப் பள்ளம் நிரப்பும் கருவியை ஓட்டிவிடுகிறார்கள். நொய்யல் படுகைக்கு நீரோட்டம் கணக்கிடும்போது அது அவசியமான படிதான். பழக்கத்தில் இங்கேயும் செய்துவிடுகிறார்கள்.

வட்னாயோக்குலில் அந்தப் பள்ளங்கள் உண்மை. பனிக்கு அடியில் நில வெப்பம் உருக்கிய நீர் சேர்ந்துகொண்டே இருக்கும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உடைத்துக்கொண்டு வெளியேறும், மேலே இருக்கும் பனி கீழே உட்காரும். ஸ்காஃப்தா ஆற்றுக்கு மேலே இப்படி இரண்டு கொப்பரைகள் இருக்கின்றன. அவை வடியும்போது ஆற்றில் வெள்ளம் வரும். 2015 அக்டோபரில் பெரிய வெள்ளம் வந்தது. பார்தார்புங்கா எரிமலையின் வாய்ப்பகுதி, 2014 ஆகஸ்டு முதல் 2015 பிப்ரவரி வரை நடந்த வெடிப்பின்போது, பனியோடு சேர்ந்து சுமார் 65 மீட்டர் இறங்கியது. இந்த வரைபடத்திலேயே மிக மதிப்புள்ள கோடுகள் இவைதான். அவற்றை ஒரு சொடுக்கில் நிரப்பிவிடுவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

பிழையா உண்மையா என்று பிரிக்க மூன்று பார்வை போதும். பள்ளம் ஒரே ஒரு பிக்சலா, நூற்றுக்கணக்கான மீட்டர் அகலமா? ஒரு பிக்சல் என்றால் இரைச்சல், அதாவது தரவின் தற்செயல் பிழை. வேறு தேதித் தரவிலும் அதே இடத்தில் இருக்கிறதா? அப்புறம், சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் அந்த இடத்தைச் சுற்றி வளைய வளையமாகப் பிளவுகள் தெரிகின்றனவா? தெரிந்தால் அது கொப்பரை. பள்ளக் குறியோடு நீலத்தில் வரைந்து, தேதி போடுங்கள்.

புதிய தேதித் தரவில் ஒரு கொப்பரை முன்பைவிடத் திடீரென ஆழமாகத் தெரிந்தால், அதை விளக்கும் வேலை நம்முடையது கிடையாது. ஐஸ்லாந்து வானிலை அலுவலகம்தான் இந்த எரிமலைகளையும் வெள்ளங்களையும் கண்காணிக்கிறது. அவர்கள் வெளியிட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, வரைபடம் கேட்டவரிடம் கையோடு சொல்லிவிடுங்கள்.

## அறிகுறி: கோடுகள் நடுங்குகின்றன, புழுப்போல நெளிகின்றன

சமமான பனியில் இது சகஜம். கோடுகளின் இடைவெளி தரவின் தாங்கும் சக்திக்கு மிஞ்சியிருக்கும். 1:50,000 இந்தியத் தாளிலேயே வழக்கமான இடைவெளி 20 மீட்டர். 30 மீட்டர் தரவை வைத்து 5 மீட்டர் கோடு கேட்டால் வருவது இரைச்சலின் படம். 20-க்கு மாற்றுங்கள். அப்படியும் நெளிந்தால், புதுப்பனியில் படத்துக்குப் பிடிமானம் கிடைக்காமல் ஆர்க்டிக்டெம் தடுமாறியிருக்கலாம். அந்தத் துண்டுக்கு மட்டும் வேறு தேதிப் பட்டையை எடுங்கள். லேசாக மென்மையாக்கலாம், ஆனால் உயரத் தரவை மென்மையாக்கி அப்புறம் கோடு எடுங்கள். கோட்டை மென்மையாக்கினால் பக்கத்துக் கோட்டின் மேல் ஏறிவிடும்.

## அறிகுறி: ஹில்ஷேடு கன்னங்கரேல், அல்லது பள்ளம் மேடாகத் தெரிகிறது

ஹில்ஷேடு என்பது ஒளியும் நிழலும் போட்டு மேடுபள்ளத்தைக் காட்டும் படம். அது கறுப்பாக வந்தால், தரவு பாகையில், உயரம் மீட்டரில் இருக்கிறது. இங்கே ஒரு பாகைக்கு 111120 மீட்டர் என்று ஒரு எண்ணைப் போட்டுச் சமாளிப்பார்கள். நம் அட்சத்தில் அது ஓடும். 64 பாகையில் ஒரு தீர்க்கரேகைப் பாகை 49 கிலோமீட்டர்கூட இல்லை, கிழக்கு மேற்குச் சரிவுகள் எல்லாம் பொய்யாகிவிடும். முதலில் மீட்டர் ப்ரொஜெக்‌ஷனுக்கு மாற்றுங்கள். மேடு பள்ளம் மாறித் தெரிந்தால் ஒளியை வடமேற்குக்கு, 315 பாகைக்கு வையுங்கள். அடியில் போட்ட செயற்கைக்கோள் படத்தில் வெயில் தெற்கிலிருந்து அடிப்பதால் அதையும் சேர்த்துப் போடும்போது கண் குழம்பும். படத்தை மங்கலாக்குங்கள்.

## அறிகுறி: ஆறு மேட்டில் ஏறுகிறது, அல்லது சமவெளியில் திடீர்த் திட்டு

ஆற்றுக்கோடும் உயரத் தரவும் வேறு வேறு ஆண்டு. பனியாற்று மணல்வெளியில் ஆறுகள் தடம் மாறிக்கொண்டே இருக்கும். ஸ்கெய்தாரா ஆறு 2009-இல் தன் வழியையே விட்டுவிட்டுப் பக்கத்து ஆற்றோடு சேர்ந்தது. அதன் மேல் கட்டிய நீளமான பாலம் ஒன்று தண்ணீரில்லாமல் நிற்கிறது. புதிய சென்டினல் படத்தைப் பார்த்து ஆற்றை மறுபடி வரையுங்கள்.

வட்னாயோக்குலுக்கு வடக்கே, ஹோலுஹ்ரோய்ன் பகுதியில் திட்டு தெரிந்தால் அது 2014-15 வெடிப்பின் லாவா. சுமார் 85 சதுர கிலோமீட்டர், சராசரியாகப் பத்து மீட்டருக்கு மேல் தடிமன். கோப்பர்னிக்கஸ் தரவு எடுத்த ஆண்டுகளுக்கு நடுவே அந்த வெடிப்பு வந்ததால் அங்கே அதை நம்ப வேண்டாம், 2015-க்குப் பிந்தைய பட்டைகளை எடுங்கள்.

## அறிகுறி: எல்லாம் சரி, ஆனால் வரைபடம் கேட்டவர் பனியின் மேல் நடக்கப் போகிறார்

இதையும் கோளாறாகவே எண்ணிக்கொள்ளுங்கள். 30 மீட்டர் தரவில் பனிப்பிளவு தெரியாது. 2 மீட்டர் தரவில் சில தெரியும், பனி மூடியவை தெரியாது. காண்டூர் விரிந்து கிடக்கும் இடம் நடக்க வசதியான இடம்போலத் தோன்றும். அதற்கு அடியில் ஆள் விழும் ஆழத்துக்குப் பிளவு இருக்கலாம்.

வழிக்கோடு போட்டுத் தரச் சொன்னால் போடாதீர்கள். வரைபடத்தின் மேலேயே, ஓரக்குறிப்பில் இல்லாமல், தரவின் தேதியையும் "பிளவுகள் காட்டப்படவில்லை" என்ற வரியையும் பெரிய எழுத்தில் போடுங்கள். பிளவு அபாயப் பகுதிகளுக்கு ஐஸ்லாந்தின் மீட்புப் படையினர் தனி வரைபடம் தருகிறார்கள். அதைப் பார்க்கச் சொல்லுங்கள், உள்ளூர் வழிகாட்டியோடு மட்டும் போகச் சொல்லுங்கள். கேட்டவர் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் அந்த வேலையை எடுக்காமல் விட்டுவிடுங்கள்.